எல்லாரும் இறங்கிவிட்ட ராட்டினம்

வீடு கட்டிக் கொடுத்தால் ஒரு குடும்பம்தான் குறை சொல்லும். விளையாட்டுத் திடல் கட்டிக் கொடுத்தால் அந்தப் பக்கமாக வாக்கிங் போகிறவர்கூட நின்று நிதானமாகக் குறை சொல்லிவிட்டுப் போவார். எங்கள் தொழிலில் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது. காலேஜில் மட்டும் சொல்லித் தரமாட்டார்கள்.

என் ஆபீஸ் பீளமேட்டில், ஒரு செல்போன் கடையின் மேல்மாடி. கட்டடக்கலை படித்துவிட்டுக் கொஞ்ச காலம் பங்களாக்களுக்கு முகப்பு வரைந்துகொண்டிருந்தேன். தூணுக்கு மேல் சிங்கம் வேண்டுமா யானை வேண்டுமா என்று பேசிப் பேசி அலுத்துப்போய் இந்தப் பக்கம் வந்தேன். ஓடுகிற குழந்தை, சக்கர நாற்காலியில் வருகிற குழந்தை, கண் தெரியாத குழந்தை, சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிற குழந்தை, எல்லாரும் ஒரே இடத்தில் சேர்ந்து விளையாடுகிற மாதிரி திடல் அமைத்துக் கொடுப்பது என் வேலை. இதைச் சொன்னால் எல்லாரும் "எவ்வளவு பெரிய புண்ணியம்" என்பார்கள். அப்படிச் சொன்னவரே மறுநாள் போன் போட்டு, அந்த இடத்தில் மூலையாக ஒரு பிள்ளையார் கோயிலும் வைக்க முடியுமா என்று கேட்பார்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்து, ஆறின காப்பியும் மிக்சருமாக வாயை மூடிக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வலிதான். சிங்காநல்லூர் தாண்டி ஒரு லேஅவுட்டில் போன வருடம் நான் பட்டது இது.

தனி இடம்

சங்கத் தலைவர் பெயர் சென்னியப்பன். அவர்கள் குடும்பத்துச் சோளக்காடுதான் சைட் சைட்டாகப் பிரிந்து லேஅவுட் ஆனது. பூங்காவுக்கு என்று விட்ட இடத்தின் மேல் எத்தனையோ பேர் கண் வைத்தும், விற்காமல் வேலி போட்டுக் காத்தவர் அவர்தான். கோபம் வந்தால்கூட "ங்க" போட்டுத்தான் கோபப்படுவார். அவரோடு சண்டை போடுவது மகா கஷ்டம் என்பதைப் பின்னால் அனுபவத்தில் தெரிந்துகொண்டேன்.

திடல் வேண்டும் என்று முதலில் கேட்டது அவரல்ல, ஸ்டெல்லா. பக்கத்து மில்லில் கணக்குப் பிரிவில் வேலை. ஒன்பது வயது மகள் ஜெனி பிறந்ததிலிருந்து நடந்ததில்லை, சக்கர நாற்காலிதான். பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரி, வாயும் ஜாஸ்தி. ஆனால் சாயங்காலமானால் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து, மற்றப் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எந்தப் பிள்ளையாவது வாசலில் வந்து நின்று "ஜெனி, வெளையாட வர்றியா"ன்னு கூப்பிட வேண்டும், அதுக்கு என்ன கட்டணுமோ அதைக் கட்டிக் கொடுங்கள் என்று ஸ்டெல்லா என்னிடம் கேட்டிருந்தார். பதினைந்து வருட சர்வீஸில் யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாக வேலை சொன்னதில்லை.

முதல் கூட்டம் தலைவர் வீட்டு போர்டிகோவில் நடந்தது. தலைவர் எழுந்து, திடலின் வடக்கு மூலையில் "அந்த மாதிரி கொழந்தைங்களுக்கு"த் தனியாக ஒரு இடம், அதற்குத் தனி கேட், சுற்றிலும் கிரில், நிழலுக்கு ஒரு கொட்டகை எல்லாம் தன் செலவிலேயே போட்டுத் தருவதாகச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். இரண்டு பேர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஸ்டெல்லா எழுந்துவிட்டார்.

"ரொம்ப நன்றிங்கய்யா. என்ற பொண்ணுக்குத் தனி எடம் ஊட்டுலயே இருக்குதுங்க."

வண்டி ஏறும் சரிவு

சறுக்குமரத்தின் மேல்தட்டுக்குச் சக்கர நாற்காலி போக ஒரு சரிவுப் பாதை வரைந்திருந்தேன். ஓரடி உயரம் ஏற வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளத்துக்குச் சரிவு வேண்டும் என்பது கணக்கு. மேஸ்திரி வரைபடத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். நான் திருப்பூர் போய் வந்து பார்த்தால், பாதி நீளத்திலேயே வேலையை முடித்து, சிமென்ட் பூசி, கோடு கிழித்து, ஓரத்தில் தேதி வேறு எழுதியிருக்கிறார். இடத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்த சந்தோஷம் அவர் முகத்தில். நம் ஊரில் சரிவு என்றால் ராத்திரி ஸ்கூட்டரை வீட்டுக்குள் ஏற்றுவதற்கு என்றுதான் எல்லா மேஸ்திரிகளுக்கும் நினைப்பு. அவர் தன் மொபெட்டை ஸ்டார்ட் செய்து மேலே ஏற்றியும் காட்டிவிட்டார்.

கார் டிக்கியில் நான் எப்போதும் ஒரு சக்கர நாற்காலி வைத்திருப்பேன். அதை இறக்கி, உட்கார்ந்து ஏறிப் பாருங்கள் என்றேன். மேஸ்திரி பின்வாங்கிவிட்டார். நல்லா இருக்கிற மனுசன் அதில் உட்காரக் கூடாதாம், ஆகாதாம். அம்மாவோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த ஜெனி அதைக் கேட்டுவிட்டு, நான் தினமும் உட்காருகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றாள். மேஸ்திரிக்கு முகம் சுருங்கிவிட்டது. போய் உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் சக்கரத்தைத் தள்ளிப் பாதி தூரம் ஏறினார். அப்புறம் கை ஓய்ந்து, வந்த வழியே பின்னோக்கி இறங்கி, மணல் குவியலில் போய் முட்டி நின்றார். அன்றைக்கே கடப்பாரை எடுத்துச் சரிவை உடைத்தவரும் அவர்தான். ஆனால் அதற்கு முன்னால் ஜெனி சொன்னதை நான் சொல்லியாக வேண்டும்.

"பிரேக் புடிக்கோணும் மாமா. மொபெட்டுல புடிப்பீங்கல்ல?"

மாடு வரக்கூடாத கேட்

அகலமான கேட் போட்டிருந்தேன். அது சங்கத்துக்கு உறுத்தியது. இளவட்டங்கள் பைக்கை உள்ளே விட்டுவிடுவார்கள், ஆடு மாடு புகுந்துவிடும் என்று எனக்குத் தெரியாமல் கூடிப் பேசி, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கேட்டுக்குக் குறுக்கே பைப்புகளை நட்டுவிட்டார்கள். ரயில்வே லைன் ஓரம் பார்த்திருப்பீர்கள், இடமும் வலமுமாக வளைந்து வளைந்து உடம்பைச் சாய்த்துப் போகிற மாதிரி இருக்குமே, அது. எனக்கு போனில் தகவல் மட்டும் வந்தது. எல்லாம் பாதுகாப்பாகச் செய்தாகிவிட்டதாம்.

திங்கட்கிழமை போனேன். பூட்டு, சாவி, பைப் எல்லாவற்றுக்கும் பொறுப்பான வாட்ச்மேன் ரங்கண்ணன் கையில் குச்சியோடு உள்ளே யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். பார்த்தால் தலைவர் வீட்டுக் கன்றுக்குட்டி. புதிதாக வைத்த செம்பருத்தியை மென்றுகொண்டு நிற்கிறது. கேட்டுக்கு வெளியே, பைப்புக்கு இந்தப் பக்கம், ஜெனி நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கன்றை முறைத்துக்கொண்டிருந்தாள். தலைவருக்கு போன் செய்து நேரில் வந்து பார்க்கச் சொன்னேன். வந்தவர் கன்றையும் பார்த்தார், குழந்தையையும் பார்த்தார். சாயங்காலத்துக்குள் பைப்பெல்லாம் போய்விட்டது. அவரிடம் நான் பெரிய விளக்கம் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. ரங்கண்ணனே சொல்லிவிட்டார்.

"மாட்டுக்குன்னு போட்டதுங்க. மாடு நெளிஞ்சு நெளிஞ்சு உள்ள போயிருச்சு. பாப்பாதானுங்க வெளிய நிக்குது."

நிற்காத ராட்டினம்

திடலின் நடுநாயகம் ராட்டினம். உயரத்தில் தொங்குகிற ராட்டினம் அல்ல. தரையோடு தரையாக வட்டமான இரும்புத் தட்டு. நாற்காலியை அப்படியே உருட்டிக்கொண்டு ஏறலாம். நாற்காலி நகராமல் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி, சுற்றிலும் மற்றப் பிள்ளைகளுக்குச் சீட். வெளியூரிலிருந்து வரவழைத்தால் அடுத்த தீபாவளி ஆகிவிடும் என்று, பெரியநாயக்கன்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கிற ஆறுச்சாமி அண்ணனிடம் கொடுத்தேன். பம்ப் செட்டுக்கு உதிரி பாகம் செய்கிறவர். நம் ஊர்ப் பட்டறைக்காரர்களிடம் மற்ற எந்தச் சாமானையும் ஏனோதானோவென்று செய்யச் சொல்லலாம், சுற்றுகிற சாமானை மட்டும் அப்படிச் செய்யச் சொல்ல முடியாது. உரசல் என்ற வார்த்தையே அவர்களுக்கு மானப் பிரச்சினை.

சோதித்துப் பார்க்கப் போனேன். ஏறி உட்காருங்க அம்மணி என்றார். உட்கார்ந்தேன். ஒரே ஒரு விரலால் தள்ளினார். சத்தமே இல்லாமல் சுற்ற ஆரம்பித்தது. ஆகா என்றேன். அவர் டீ சொல்லிவிட்டு வந்தார், சுற்றிக்கொண்டிருந்தது. டீ வந்தது, சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு டீ கொடுக்க வந்த பெண் என் கூடவே ஓடிப் பார்த்துவிட்டு முடியாமல் நின்றுவிட்டாள். ஆறுச்சாமி அண்ணன் பெருமையில் கண்ணை மூடிப் பேரிங் சத்தம் வருகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.  இதை எப்படி நிறுத்துவது என்று ஒவ்வொரு சுற்றிலும் அவரைக் கடக்கும்போது தவணை முறையில் கேட்டு முடித்தேன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"சுத்தோணும்னு சொன்னீங்க, சுத்துது. நிக்கோணும்னு நீங்க சொல்லவே இல்லீங்களே அம்மணி."

வெள்ளிக்கிழமை மணி

அந்த லேஅவுட்டில் கவின் என்று ஒரு பையன். பேச்சு வராது. ஒரே ஓசையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அவனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிடும். அவனுக்காகவும், கண் தெரியாத குழந்தைகள் வந்தால் அவர்களுக்காகவும், ஒரு மரச் சட்டத்தில் வெவ்வேறு அளவில் பித்தளை மணிகளைத் தொங்கவிட்டேன். டவுன் ஹால் பக்கம் பாத்திரக் கடையில் தட்டித் தட்டிப் பார்த்து, சுதி சேர்த்து வாங்கின மணிகள். அங்கேதான் என் புத்தி வேலை செய்யவில்லை.

காலையில் வாக்கிங் வந்த பெண்கள் மணிச் சத்தம் கேட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமையே சட்டத்துக்கு மஞ்சள், குங்குமம், செவ்வரளி மாலை எல்லாம் ஆகிவிட்டது. ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறார். கவின் விடாமல் அடிக்கிறான், அவர் விடாமல் போட்டுக்கொள்கிறார். அவன் நிறுத்தினால்தான் அவர் நகர முடியும் போலிருந்தது. அவனுக்கோ அன்றைக்கு நிறுத்துகிற உத்தேசமே இல்லை. நான் ஓடிப்போய், அம்மா இது கோயில் இல்லை, சாமி இல்லை, விளையாட்டுச் சாமான் என்று விளக்கினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சாமி இல்லீன்னு உங்களுக்குத் தெரியுது, எனக்குந் தெரியுது. மணி கேட்டா கை தானா போகுது, அதுக்கு நான் என்னங்க பண்றது?"

திறப்பு விழா

பிரேக் போட்ட ராட்டினம் வந்து இறங்கியது. சரிவும் சரியானது. திறப்பு விழாவுக்கு வாழைமரம், மைக் செட், பொங்கல் வடை எல்லாம் உண்டு. ரிப்பன் வெட்டுவதற்கு முன்பே பிள்ளைகள் ராட்டினத்தில் ஏறி ஆக்கிரமித்துவிட்டார்கள். தலைவரின் பேத்தி தாரா, ஏழு வயசு இருக்கும், நடுவில் நின்று எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கேட் வழியாக ஜெனி வந்தாள். புது கவுன், இரட்டைச் சடை, மடியில் கை ஊன்றி ஒரு படபடப்பு.

அவ்வளவுதான். நாலா பக்கமும் அம்மாக்கள் எழுந்தார்கள். "கண்ணு, எறங்கு, அக்கா ஆடட்டும்", "சாமி, வழி உடு, பாப்பா வருது" என்று ஆளுக்கு ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்து இறக்கினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. தாராகூட இறங்கிக் கை கட்டி நின்றாள். ஜெனியை ஏற்றி, கொக்கி மாட்டி, தலைவரே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாமி தேர் இழுக்கிற பக்தியோடு மெதுவாகத் தள்ளினார். எல்லாரும் சுற்றி நின்று கை தட்டினார்கள். செல்போனில் வீடியோ எடுத்தார்கள். அத்தனை சீட்டும் காலி. நடுவே அந்தப் பெண் மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. அங்கே இருந்த ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. ஜெனி நிறுத்தச் சொன்னாள். இறங்கி வந்தவளிடம், நல்லா இருந்துதா கண்ணு என்று நான் ஒரு அசட்டுக் கேள்வி கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்குது ஆன்ட்டி. ஆனா எல்லாரும் எறங்கிட்டாங்க."

பாப்பா வந்தால் திறப்போம்

ஒரு மாதம் கழித்துப் போனேன். சறுக்குமரத்தில் கூட்டம், ஊஞ்சலில் கூட்டம். ராட்டினத்தின் மேல் நீல நிறத் தார்ப்பாய் மூடி, சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. பக்கத்தில் பளபளவென்று ஒரு போர்டு: மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு மட்டும். ரங்கண்ணன் ரொம்ப அக்கறையாக விவரம் சொன்னார். தினமும் சாயங்காலம் அவர் ஸ்டெல்லாவுக்கு போன் செய்து, பாப்பா வருதுங்களா, ராட்டினத்தைத் தொறக்கட்டுங்களா என்று கேட்பாராம். முதல் வாரம் ஜெனி இரண்டு தடவை வந்தாள். அவள் வந்தால் தார்ப்பாயை எடுத்து, தண்ணீர் தெளித்துத் துடைத்து, மற்றப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி ஏற்றுவார்கள். அதற்கப்புறம் அவள் வரவில்லை. மறுபடியும் ஜன்னலுக்கே போய்விட்டாள் என்று ஸ்டெல்லா சொன்னார். ஜெனியை யாரும் கூப்பிடவும் இல்லை. மரியாதைக்குரிய விருந்தாளியை யார் வாசலில் நின்று "வர்றியா" என்று கூப்பிடுவார்கள்?

நம் வீடுகளில் நல்ல டம்ளரை விருந்தாளிக்கு என்று எடுத்து உள்ளே வைத்துவிட்டு, நாம் நெளிந்த டம்ளரில் குடிப்போமே, அந்தப் பழக்கம்தான் இது. அதைத் திடலுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். நான் நேராகத் தலைவர் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவர் இளநீர் வெட்டச் சொன்னார். பாதி குடித்துவிட்டு மறுபடியும் சத்தம் போட்டேன். பூட்டை எடுங்கள், எல்லாப் பிள்ளைகளும் ஏறினால்தான் அது ஜெனிக்கு ராட்டினம், இல்லையென்றால் வெறும் இரும்புத் தட்டு என்றேன். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மனசில் இருந்ததைச் சொன்னார்.

"புள்ளைங்க ஆடி ஒடச்சுப்போட்டா, பாப்பா வர்ற அன்னிக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் நிக்கறதுங்க அம்மணி?"

உடைக்கிறவனுக்கு வேலை

இதை ஆறுச்சாமி அண்ணனிடம் போனில் சொன்னேன். அவர் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை: உடைந்துவிடும்.   யாருங்க அப்படிச் சொன்னது என்று கேட்ட குரலில், அவரைச் சம்பந்தி வீட்டில் அவமானப்படுத்தின மாதிரி ஒரு நடுக்கம். அந்தச் சூட்டோடு என் இன்னொரு யோசனையையும் சொன்னேன். ஜெனி தினமும் நாற்காலி தள்ளுகிறவள், அவள் கைக்கு மற்றப் பிள்ளைகளைவிட வலு அதிகம். பிரேக்கைக் கொஞ்சம் இறுக்கி, தட்டை வெளியிலிருந்து தள்ளினால் கஷ்டப்பட்டுத்தான் நகர்கிற மாதிரி செய்ய வேண்டும். நடுவில் ஒரு சக்கரம், கார் ஸ்டீரிங் மாதிரி, ஆனால் தட்டோடு திரும்பாமல் தரையில் நட்டு வைத்தது. உட்கார்ந்தபடி அதைப் பிடித்து இழுத்தால் தட்டு சுற்ற வேண்டும். அது நாற்காலி நிற்கிற இடத்திலிருந்துதான் நன்றாக எட்ட வேண்டும்.

இரண்டே நாளில் வேனில் வந்து இறங்கினார். பெரிய தண்ணீர்க் குழாய் வால்வின் சக்கரம் ஒன்றைச் சிவப்புப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து நடுவில் பொருத்தினார், பிரேக்கையும் இறுக்கினார். அப்புறம் தலைவரை வரவழைத்து எதிரே நிறுத்தினார். வேனில் வந்த சுமைதூக்கிகளை ராட்டினத்தில் ஏற்றினார். மேஸ்திரியையும் மேஸ்திரியின் மொபெட்டையும் ஏற்றினார். தானும் ஏறினார். எல்லாரையும் குதிக்கச் சொன்னார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். தட்டு அசையவில்லை, ஒரு முனகல்கூட இல்லை. பூட்டு, சங்கிலி, தார்ப்பாய் மூன்றையும் ரங்கண்ணன் அன்றைக்கே கழற்றினார். போர்டை நான் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அது என் ஆபீஸில் பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிறது. ஆறுச்சாமி அண்ணன் கீழே இறங்கி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு தலைவரிடம் சொன்னார்.

"ஏனுங்க, இத ஒடைக்கற புள்ள எதாச்சும் இருந்தா எங்கிட்ட அனுப்புங்க. பெருசானதும் நம்ம பட்டறைல வேல போட்டுக் குடுக்கறேன்."

வாழைப்பழம்

ஜெனி வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். ஸ்டெல்லா பால் வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லி, அந்த வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தார். ராட்டினத்தில் தாராவும் இன்னும் நாலைந்து பிள்ளைகளும் சீட்டிலிருந்து எட்டிச் சிவப்புச் சக்கரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். தட்டு நகர மறுத்தது. ஜெனி கேட்டுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை. அப்படி இல்லை, இப்படி இழுக்கணும் என்று சத்தம் போட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அவள் ஏறி, கொக்கி மாட்டி, சக்கரத்தைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்ததும் தட்டு கிளம்பியது. ஏறியிருந்த பிள்ளைகள் கத்தின கத்தலில் கவின் காதைப் பொத்திக்கொண்டு மணிப் பக்கம் ஓடினான். அம்மாக்கள் வழக்கம் போல, கண்ணு எறங்கு என்று எழுந்தார்கள். ஒரு பிள்ளையும் இறங்கவில்லை. இறங்கினால் சுற்ற முடியாது, சுற்றுகிற ஆள் ஜெனி.

மறுநாள் சாயங்காலம் நான் ஸ்டெல்லா வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தலைவர் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சீப்பு பூவன்பழம், முகத்தில் துக்க வீட்டுக்கு வந்த மாதிரி ஒரு களை. முந்தின நாள் ஜெனியை விளையாட விட்டுவிட்டு நானும் ஸ்டெல்லாவும் போன பிறகு சண்டை நடந்திருக்கிறது. எவ்வளவு நேரம் நீயே ஸ்டீரிங் பிடிப்பே, எனக்குக் குடு என்று தாரா கேட்க, முடியாது போடி என்று ஜெனி சொல்ல, தாரா அவள் சடையைப் பிடித்து இழுத்துவிட்டாளாம். ஜெனி பதிலுக்கு ஒரு கிள்ளு. சங்கத் தலைவர் வீட்டுப் பிள்ளை போயும் போயும் அந்தக் குழந்தையின் சடையைப் பிடிப்பதா என்று ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வைப்பதற்காகத் தாராவையும் கூடவே இழுத்து வந்திருந்தார். ஸ்டெல்லாவுக்கு இது புதுச் செய்தி. ஜெனி வீட்டில் இதைச் சொல்லியிருக்கவே இல்லை.

தலைவர் தொண்டையைக் கனைத்து, கேளு தாரா என்றார். தாரா கேட்டாள். மன்னிப்பு அல்ல. அவர் கையை உதறிவிட்டு ஜன்னலைப் பார்த்து, "ஜெனி, வர்றியா இல்லியா? இன்னிக்கு மொதல்ல நாந்தான்" என்று கத்தினாள். உள்ளேயிருந்து "அதெல்லாம் முடியாது, இரு வாரேன்" என்று பதில் வந்தது. நாற்காலி எங்களைத் தாண்டி, தலைவரைத் தாண்டி, வாசல் சரிவில் இறங்கியது. இரண்டும் சண்டை போட்டுக்கொண்டே தெருமுனை திரும்பிவிட்டன. தலைவர் பழச் சீப்போடு அப்படியே நிற்கிறார். ஸ்டெல்லா புடவைத் தலைப்பால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டார், ஆனால் முகம் சிரித்தது.

"பழத்தக் குடுங்கய்யா, மன்னிப்பெல்லாம் வேண்டாமுங்க. என்ற பொண்ணுகூட இதுவரைக்கும் ஒருத்தருமே சண்ட போட்டதில்லீங்க."

சரிவு, கேட், பேரிங், பிரேக் என்று பாடாய்ப் பட்டு நான் கட்டி முடித்தது கடைசியில் இரண்டு பிள்ளைகள் சடையைப் பிடித்துச் சண்டை போட ஒரு இடம். என் பிழைப்பில் இதைவிட உருப்படியான வேலை நான் செய்ததில்லை.